உட்கார மறுத்த கரடி

நெடுங்குளம் வற்றிவிட்டது. நடுவில் ஒரு மடு மட்டும் மிச்சம். மடுவின் ஓரத்தில் சடையன் என்ற கரடி உட்கார்ந்து தன் வலது உள்ளங்காலை நக்கிக்கொண்டிருந்தான். நாக்கு காலில் இருந்தாலும் கண் காலில் இல்லை. எதிரே கோரைப் புல்லில் நின்ற முள்ளம்பன்றியின் மேல் இருந்தது.

"என்ன மாமா, இன்னும் வலிக்குதா?" என்று கேட்டது முயல்.

"வலிக்காம? உள்ளே முள் முறிஞ்சு கிடக்கே! குத்தினவன் அங்கே நின்னு கிழங்கு தின்னுறான். குத்துப்பட்டவன் இங்கே உட்கார்ந்து நக்குறேன்!"

"போன கோடையில நடந்ததை இந்தக் கோடை வரைக்கும் தூக்கிச் சுமக்கணுமா மாமா?"

"உனக்கு நாலு காலும் நல்லா இருக்கு. நீ பேசுவே!"

சடையனிடம் பேசி ஜெயித்தவர் அந்தக் காட்டில் இல்லை.

நெடுங்குளத்துக்குக் கிழக்கே சடையனின் கூட்டம் இருந்தது. மேற்கே இன்னொரு கூட்டம் இருந்தது. கோடையில் மடுத் தண்ணீர் இரண்டு கூட்டத்துக்கும் போதாது. கடித்துக்கொண்டு சாக வேண்டாம் என்று ஒரு விளையாட்டை வைத்திருந்தார்கள். மடு யாரிடம் இருக்கிறதோ அவர்கள் வற்றிய குளத்துக்குள் காவல் நிற்பார்கள். மற்றவர்கள் கரையில் நின்று பத்து விளாங்காய்களைக் கட்டையால் அடிப்பார்கள். வருகிற காயைத் தரையில் விடாமல் பிடிக்க வேண்டும். பத்தில் மூன்று காய் தரையைத் தொட்டுவிட்டால் மடு கைமாறிவிடும். மடுவை இழந்தவர்கள் மழை வரும்வரை கரடு என்கிற கல் குன்றைத் தாண்டி ஆற்றுக்குப் போய்த்தான் தண்ணீர் குடிக்க வேண்டும்.

கரட்டுப் பாதை முழுக்கக் கூரான கல். அதோடு அங்கே ஒரு சிறுத்தையின் நடமாட்டமும் உண்டு. முள் ஏறிய காலோடு சடையனால் அந்தக் கரட்டில் நாலடி ஏற முடியாது. மடு போனால் தன் கதி அவ்வளவுதான் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும்.

அந்த விளையாட்டில் தூரமாகப் போகும் காயால் தொல்லை இல்லை. அதை ஓரத்தில் நிற்கும் மான்கள் பார்த்துக்கொள்ளும். காவல்காரர்களுக்கு நடுவே நேர் மேலே ஏறி, நேர் கீழே இறங்கும் காய்தான் பொல்லாதது. ஆளாளுக்கு அண்ணாந்தபடியே ஓடிவந்து மண்டையை மோதிக்கொள்வார்கள். அதற்காக ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். பிடிக்கப் போகிறவன் "எனக்கு!" என்று கத்த வேண்டும். அது காதில் விழுந்ததும் மற்றவர்கள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும்.

போன கோடையில் சடையனும், முள்ளான் என்ற அந்த முள்ளம்பன்றியும் ஒரே நேரத்தில் "எனக்கு!" என்று கத்தினார்கள். இருவரும் உட்காரவில்லை. மோதி விழுந்தார்கள். காய் எப்படியோ முயலின் மடியில் விழுந்து மடு தப்பியது. சடையனின் கால் தப்பவில்லை.

மறுநாளே முள்ளான் மன்னிப்புக் கேட்கக் குகை வாசலுக்கு வந்தான்.

"அண்ணே! கரடியண்ணே!"

"கரடி வீட்டில் இல்லை!" என்று உள்ளேயிருந்து சடையனே பதில் சொன்னான்.

அதற்குப் பிறகு முள்ளான் வரவில்லை. "பார்த்தியா, ஒரு தடவை வந்தான், மனசாட்சி உறுத்தியிருந்தா மறுபடியும் வந்திருக்க மாட்டானா?" என்று அதையும் ஒரு குற்றமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான் சடையன்.

இந்தக் கோடையில் ஆட்டத்துக்கு முந்தைய நாள், மேற்குக் கூட்டத்து நரி மெதுவாக வந்து சடையன் பக்கத்தில் உட்கார்ந்தது.

"கரடியாரே, சௌக்கியமா?"

"நீ எதுக்கு வந்தே?"

"சும்மாதான். வர்ற வழியில உங்க முள்ளானைப் பார்த்தேன். பாறையில முள்ளைத் தேய்ச்சுக்கிட்டு இருந்தான். சரக் சரக்னு சத்தம். காது கூசுது!"

சடையனின் காது விறைத்தது. "எதுக்குத் தேய்க்கிறான்?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் எதிர்க்கூட்டம். அவன் உங்க ஆள். நீங்களே கேட்டுக்குங்க!"

நரி வாலை ஆட்டிக்கொண்டு போய்விட்டது.

சடையன் ஒன்றும் ஏமாளி இல்லை. நரியின் பேச்சை நம்பக் கூடாது என்று அவனுக்குத் தெரியும். அதனால் அவனே நொண்டிக்கொண்டு பாறைக்குப் போய்ப் பார்த்தான். பாறையில் புதிதாகக் கீறல்கள் இருந்தன. கீழே முள்ளின் தூள் வெள்ளையாகக் கொட்டிக் கிடந்தது. மோந்து பார்த்தான். முள்ளானின் வாடைதான்.

'நரி பொய் சொல்லவில்லை,' என்று நினைத்தான் சடையன். 'ஆட்டத்துக்கு முந்தைய நாள் ஒருவன் முள்ளைத் தீட்டுகிறான் என்றால் எதற்கு? ஒரு காலை முடித்துவிட்டான். நாளைக்கு இன்னொரு காலுக்குக் குறி வைத்திருக்கிறான்!'

போய்க் கேட்டிருக்கலாம். முள்ளானின் வளை அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். ஆனால் சந்தேகப்படுகிறவன் கேட்க மாட்டான். கேட்டால் பதில் வந்துவிடுமே!

மறுநாள் காலை ஆட்டம் தொடங்கியது. கரையில் மருத மரத்தின் தாழ்ந்த கிளையில் நடுவராக மயில் உட்கார்ந்தது. காயடிக்கக் குரங்கு கட்டையோடு வந்தது. அதன் பக்கத்தில் நரி நின்றது. குளத்துக்குள் மடுவை ஒட்டி நடுவில் சடையனும் முள்ளானும் முயலும் நின்றார்கள். ஓரங்களில் மான்கள் நின்றன.

முதல் காயைக் குரங்கு ஓங்கி அடித்தது. அது தூரமாகப் போனது. ஒரு மான் பாய்ந்து வாயால் கவ்வியது.

"பலே!" என்று கிழக்குக் கூட்டம் கத்தியது.

அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்த காயும் மானின் வாயிலேயே போய் விழுந்தது.

நரி குரங்கின் காதில் சொன்னது: "அடேய் முட்டாள், எதுக்குத் தூரமா அடிக்கிறே? நடுவுல தூக்கு! கரடிக்கும் முள்ளானுக்கும் மத்தியில!"

அடுத்த காய் நேராக வானத்தில் ஏறியது. புள்ளியாகச் சிறுத்தது. பிறகு இறங்கத் தொடங்கியது.

சடையன் ஒரு கணம் மேலே பார்த்தான். உடனே முள்ளானைப் பார்த்தான். முள்ளானின் காலைப் பார்த்தான். 'வருகிறானா? எந்தப் பக்கம் வருகிறான்? நான் அண்ணாந்ததும் பாயலாம் என்றிருக்கிறானா?'

முள்ளானும் வாய் திறக்கவில்லை. கரடியண்ணன் "எனக்கு!" என்று கூப்பிட்டால் உட்காரலாம் என்று காத்திருந்தான்.

பொத்!

காய் இருவருக்கும் நடுவில் விழுந்து உருண்டது. இருவரும் அதைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"ஒண்ணு!" என்று மயில் கத்தியது.

"ஏன்டா கூப்பிடலை?" என்று சீறினான் சடையன்.

"நீங்க கூப்பிடுவீங்கன்னு நின்னேண்ணே."

"ஓகோ! நான் கூப்பிட்டு, ஆகாசத்தைப் பார்த்துக்கிட்டு நிப்பேன். நீ சத்தம் போடாம பக்கத்துல வருவே. அதானே?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லைண்ணே!"

"யார்கிட்ட கதை விடுறே? நேத்து பாறையில என்ன வேலை உனக்கு?"

முள்ளான் தலையைக் குனிந்துகொண்டான். "அது... சொல்ல வேண்டாம்னு நினைச்சேன்."

"பார்த்தியா! பார்த்தியா!" என்று முயலிடம் திரும்பினான் சடையன். "மறைக்கிறான்!"

"மாமா, அடுத்த காய் வருது!" என்று முயல் அலறியது.

நல்லவேளை, அது ஓரத்துக்குப் போனது. மான் பிடித்தது.

சடையன் ஒரு முடிவுக்கு வந்தான். இனி எந்தக் காய் வந்தாலும் தானே கூப்பிட்டுவிடுவது. கூப்பிட்டால் வழக்கப்படி முள்ளான் உட்கார்ந்தாக வேண்டும். உட்கார்ந்தவனால் குத்த முடியாது. நல்ல யோசனை என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டான்.

குரங்கு கட்டையை ஓங்கியதுமே, "எனக்கு! எனக்கு! எனக்கு!" என்று கத்தினான்.

"காயே இன்னும் கிளம்பலையே!" என்று நரி சிரித்தது.

காய் கிளம்பியது. முயலின் தலைக்கு நேர் மேலே ஏறியது. முயல் நின்ற இடத்தில் இரண்டு கையை நீட்டியிருந்தால் போதும், பிடித்திருக்கும். ஆனால் கரடி கூப்பிட்டுவிட்டதே! வழக்கத்தை மதித்து முயல் உட்கார்ந்துவிட்டது. முள்ளானும் உட்கார்ந்தான்.

சடையன் காயை நோக்கிப் பின்பக்கமாகவே நடந்தான். காயைப் பார்க்காமல் முள்ளானைப் பார்த்தபடி நடந்தான். 'உட்கார்ந்திருக்கிறானா? உட்கார்ந்திருக்கிறான். முழுசாக உட்கார்ந்திருக்கிறானா? பின்னங்கால் கொஞ்சம் தூக்கின மாதிரி இருக்கே!'

அப்போது காலில் எதுவோ மெத்தென்று இடறியது. அது முயல். சடையன் மல்லாந்து முயலின் மேலேயே விழுந்தான். காய் அவன் தொப்பையில் விழுந்து, துள்ளி, தரையில் உருண்டது.

"ரெண்டு!" என்றது மயில்.

"மாமா! மூச்சு... மூச்சு முட்டுது... எந்திரிங்க!" என்று அடியிலிருந்து முயல் முனகியது.

மேற்குக் கரையில் சிரிப்புத் தாங்க முடியவில்லை. "கிழக்குப் பக்கம் முயலுக்குக் கரடியைப் போர்வையா போர்த்திட்டாங்க!" என்று குரங்கு கட்டையைத் தட்டிக் குதித்தது.

முயல் எழுந்து காதை நீவிக்கொண்டது. "உட்கார்ந்தவன் மேலே வந்து விழுறீங்களே மாமா! காயைப் பார்க்க மாட்டீங்களா?"

"அவனை யார் பார்க்கிறது?"

"அவரைப் பார்த்து என்ன ஆகப்போகுது? அவரா வானத்துல இருந்து விழப்போறார்?"

சடையன் முயலையும் ஒரு மாதிரியாகப் பார்த்தான். 'இதுவும் அவன் பக்கம் சேர்ந்துவிட்டதோ?'

முள்ளான் மெல்ல வந்து சற்றுத் தள்ளி நின்றான். "அண்ணே, இன்னும் ஒரு காய் விழுந்தா மடு போச்சு. உங்க காலுக்குக் கரட்டுப் பாதை ஆகாது. அதனால சொல்லிடறேன். நேத்து நான் முள்ளைத் தீட்டலை. மழுக்கினேன்."

"என்னது?"

"முனையெல்லாம் தேய்ச்சு மொட்டையாக்கிட்டேன். மறுபடி மோதினாலும் யாரையும் குத்தக் கூடாதுன்னு. தொட்டுப் பாருங்க." முள்ளான் திரும்பி முதுகைக் காட்டினான்.

சடையன் இரண்டடி பின்னால் போனான்.

"தொடணுமா? நான் கையை நீட்டணும், நீ முள்ளை விரிக்கணும். காலோட சேர்த்து கையும் போகணும். நல்லா இருக்குடா உன் நியாயம்!"

"சத்தியமாண்ணே!"

"கரட்டுல சிறுத்தை சுத்துது. எந்த முள்ளம்பன்றியாவது தன் முள்ளைத் தானே மழுக்குமா? எனக்குக் காது குத்தாதே!"

"மாமா, நான் தொட்டுப் பார்க்கவா?" என்று முயல் முன்னால் வந்தது.

"நீ தொட்டு, நீ சொல்லி, நான் நம்பணுமா? போ, உன் இடத்துல நில்லு!"

முள்ளான் தன் இடத்துக்குப் போனான்.

அடுத்தடுத்து வந்த காய்களை மான்கள் பிடித்தன. ஒரு காயை முயல் தாவிப் பிடித்தது. கிழக்குக் கூட்டத்துக்கு உயிர் வந்தது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு காய். அதைப் பிடித்தால் இந்தக் கோடைக்கு மடு அவர்களுடையது.

நரி குரங்கின் தோளைத் தட்டிக் கொடுத்தது. "தூரம் வேண்டாம். உயரம் போதும். மிச்சத்தைக் கரடி பார்த்துக்குவார்."

குரங்கு அடித்தது. காய் ஏறிக்கொண்டே போனது. சூரியனுக்குள் போய் மறைந்தது. பிறகு ஒரு கறுப்புப் புள்ளியாக வெளியே வந்தது. முள்ளானின் தலைக்கு நேராக இறங்கியது.

"எனக்கு!"

இந்த முறை கத்தியது முள்ளான். குளம் முழுக்கக் கேட்டது. முயல் உட்கார்ந்தது. மான்கள் உட்கார்ந்தன. முள்ளான் பின்னங்கால்களில் நிமிர்ந்து, இரண்டு கைகளையும் ஏந்தி, காயை மட்டுமே பார்த்துக்கொண்டு நின்றான்.

சடையனும் உட்காரத்தான் போனான். முட்டி பாதி மடங்கிவிட்டது. அப்போது மனதுக்குள் அந்தப் பழைய குரல் பேசியது.

'காலையிலிருந்து ஒரு காய்க்கும் கத்தாதவன் இப்போது ஏன் கத்துகிறான்? நீ உட்கார வேண்டும் என்றுதானே? காயைப் பிடித்துக்கொண்டு அப்படியே உன் மேல் விழப் போகிறான். பிறகு, தெரியாமல் விழுந்துவிட்டேன் அண்ணே என்பான். எல்லோரும் அவனைத்தான் புகழ்வார்கள். மடுவைக் காப்பாற்றியவன் என்பார்கள். உன் காலை யார் கேட்பார்கள்?'

மடங்கிய முட்டி நிமிர்ந்தது.

"எனக்கு!" என்று உறுமிக்கொண்டு சடையன் ஓடினான்.

"மாமா, உட்காருங்க! உட்காருங்க மாமா!" என்று முயல் கதறியது.

சடையன் மேலே பார்க்கவே இல்லை. முள்ளானைப் பார்த்தே ஓடினான். முள்ளானோ காயைத் தவிர எதையும் பார்க்கவில்லை. காய் அவன் விரல்களைத் தொட்ட அதே நேரத்தில் கரடி வந்து மோதியது. இருவரும் கட்டிப் புரண்டார்கள். சடையனின் வயிறும் நெஞ்சும் முள்ளானின் முதுகின் மேல் பட்டு நசுங்கின.

காய் தரையில் விழுந்து இரண்டாகப் பிளந்தது.

"மூணு!" என்றது மயில்.

மேற்குக் கரையில் ஆரவாரம் எழுந்தது. ஆனால் அதைவிடச் சத்தமாக சடையனின் குரல் கேட்டது.

"குத்திட்டான்! குத்திட்டான்! நான் அப்பவே சொன்னேன்! எல்லாரும் வந்து பாருங்க!"

எல்லோரும் ஓடிவந்தார்கள். மேற்குக் கூட்டமும் கரையிறங்கி வந்தது. சடையன் மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டினான்.

"எங்கே மாமா?"

"இங்கே! நெஞ்சுல பாரு!"

முயல் மயிரை விலக்கிப் பார்த்தது. "இங்கே ஒண்ணும் இல்லையே."

"வயித்துல பாரு!"

"வயித்துலயும் இல்லை."

"நல்லாப் பாருடா! ரத்தம் வரணுமே!"

ஒரு மானும் குனிந்து பார்த்தது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. ஒரு கீறல்கூட இல்லை. சடையன் எழுந்து உட்கார்ந்து தானே தேடினான். அக்குளில் தேடினான். தொடையில் தேடினான். ஒரே ஒரு முள்ளாவது இருக்காதா என்று அவன் தேடிய தேடலைப் பார்க்கப் பரிதாபமாக இருந்தது. காயம் கிடைத்தால் தோற்றதற்குக் காரணம் கிடைக்கும். அது கிடைக்கவில்லை.

முள்ளான் மண்ணிலிருந்து எழுந்தான். முதுகு முழுக்க முள் நின்றது. ஒவ்வொன்றின் நுனியும் தேய்ந்த விளக்குமாற்றுக் குச்சி போல மொட்டையாக இருந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். சடையனும் பார்த்தான்.

நரி தொண்டையைச் செருமியது. "கரடியாரே, நான் பொய் சொன்னதா நாளைக்கு யார்கிட்டயும் சொல்லாதீங்க. முள்ளைத் தேய்ச்சான்னுதான் சொன்னேன். தேய்ச்சான்தானே?"

சடையன் முள்ளானிடம் திரும்பினான். குரல் இறங்கியிருந்தது.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமேடா."

"சொன்னாரே மாமா," என்றது முயல். "தொட்டுப் பாருங்கன்னும் சொன்னார்."

மேற்குக் கூட்டம் மடுவில் இறங்கித் தண்ணீர் குடிக்கத் தொடங்கியது. மடக்கு மடக்கென்று அந்தச் சத்தம் கேட்கக் கேட்க சடையனுக்குத் தொண்டை வறண்டது.

வெயில் தாழ்ந்ததும் கிழக்குக் கூட்டம் கரட்டை நோக்கி நடந்தது. மான்கள் முன்னால் போய்விட்டன. முயலும் தாவிப் போய்விட்டது. கடைசியில் இரண்டு பேர்தான் மிச்சம். ஒருவனுக்குக் கால் இல்லை. இன்னொருவனுக்கு முள் இல்லை. ஒவ்வொரு கல்லிலும் சடையன் நின்று பல்லைக் கடித்துக்கொண்டான். முள்ளான் புதருக்குப் புதர் நின்று, சிறுத்தையின் வாடை வருகிறதா என்று மோந்து பார்த்தான்.

"நீ போயேன்டா. எனக்காக ஏன் நிக்கிறே?" என்றான் சடையன்.

"நின்னா நீங்க இருக்கீங்க. போனா சிறுத்தை இருக்குதண்ணே. எனக்கு வேற வழி?"

சடையனுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. அன்பு, பாசம் என்று சொல்லியிருந்தால் அவன் நம்பியிருக்க மாட்டான்.

இருட்டுவதற்குள் ஆற்றுக்குப் போய்ச் சேர முடியவில்லை. கரட்டின் பாதியிலேயே ஒரு பாறை இடுக்கில் தண்ணீர் இல்லாமல் ஒடுங்கிக் கிடந்தார்கள். முள்ளான் உள்ளே படுத்தான். சடையன் வாசலை அடைத்துக்கொண்டு, அவனுக்கு முதுகைக் காட்டிப் படுத்தான். தாகத்தில் நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. கீழே தூரத்தில், அவர்கள் கையைவிட்டுப் போன மடு வெள்ளையாக மினுங்கிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் நிற்பவனின் காலையே பார்த்துக்கொண்டிருக்கிறவன், தலைக்கு மேலே வருவதைக் கோட்டை விடுவான்.